உங்கள் வரி ரசீதில் ஒரு சீர்காழிக்காரர்



கடைசியாகச் சொத்து வரி கட்டிய ரசீதை எடுத்து ஒரு தடவை முழுதாகப் படித்துப் பாருங்கள். மொத்தத் தொகையை மட்டும் பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டு கோப்பில் செருகுவதுதான் நம் எல்லோருக்கும் வழக்கம். அந்த மொத்தத்துக்குள் நூலக வரி என்று ஒன்று ஒளிந்திருக்கிறது. ரூபாய்க்கு 10 காசு வீதம்.

சென்ற பொதுக்குழுவில் குப்பை, குடிநீர், தெருநாய் எல்லாம் பேசி முடித்து, காபி வருவதற்குள் நம்மில் ஒருவர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். நூலகத்துப் பக்கமே போகாதவன் எதற்காக நூலக வரி கட்ட வேண்டும் என்பது கேள்வி. சிலர் சிரித்தார்கள், பலர் தலையாட்டினார்கள். எனக்கும் அப்போது பதில் தெரியவில்லை. அதற்கான பதிலைத் தேடிப் போனபோது ஒரு மனிதரின் வாழ்க்கைக்குள் போய் விழுந்துவிட்டேன். இந்த இதழில் அதைத்தான் உங்களுக்குச் சொல்லப்போகிறேன். கேள்வி கேட்டவர் அவசியம் படிக்க வேண்டும்.

சீயாழி ராமாமிர்த ரங்கநாதன். எஸ். ஆர். ரங்கநாதன் என்றால் நூலகம் படித்தவர்கள் உலகம் முழுக்க எழுந்து நிற்பார்கள். அந்த 'எஸ்' வேறொன்றுமில்லை, நம் சீர்காழிதான். வெள்ளைக்காரன் நாவில் ஷியாலி ஆகிவிட்டது. 1892 ஆகஸ்டில் பிறந்தார். அப்பா ராமாமிர்த ஐயர், ஊராருக்கு ராமாயணம் சொல்லக்கூடியவர். பையனுக்கு ஆறு வயதாகும்போதே அவர் காலமாகிவிட்டார். அம்மா சீதாலட்சுமியும் உறவினர்களுமாக வளர்த்தார்கள். பையனுக்குத் திக்குவாய் வேறு. பின்னாளில் பல நாட்டு மேடைகளில் பேசியவர், பள்ளிக்கூடத்தில் பதில் தெரிந்தும் வாய் வராமல் நின்றவர் என்பதை உங்கள் வீட்டுக் குழந்தைகளுக்குச் சொல்லுங்கள்.

சீர்காழிப் பள்ளிப் படிப்பு முடிந்து சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் சேர்ந்தார். அப்போது அந்தக் கல்லூரி தாம்பரத்தில் இல்லை. பாரிமுனைப் பக்கம், உயர் நீதிமன்றத்துக்கு எதிரே இருந்தது. கணிதத்தில் 1913-ல் பி.ஏ., 1916-ல் எம்.ஏ. எட்வர்ட் ராஸ் என்ற கணிதப் பேராசிரியரிடம் அவருக்கு அப்படியொரு பக்தி. அந்தக் குருநாதர் இந்தக் கதையில் இன்னொரு தடவை வருவார். பிறகு ஆசிரியர் பயிற்சி, மங்களூர், கோயம்புத்தூர், கடைசியில் சென்னை மாநிலக் கல்லூரி என்று கணித ஆசிரியராகவே வாழ்க்கை ஓடிக்கொண்டிருந்தது. கணிதம் சொல்லிக் கொடுப்பதில் அவருக்கு உயிர். சம்பளம்தான் போதவில்லை.

அந்த நேரத்தில் சென்னைப் பல்கலைக்கழகம் தனக்கென்று ஒரு நூலகரை நியமிக்க முடிவு செய்தது. கணித ஆசிரியருக்குக் கிடைத்ததைவிட நல்ல சம்பளம். நண்பர்கள் வற்புறுத்த, இவரும் விண்ணப்பம் போட்டார். 900 பேர் போட்டார்கள் என்று சொல்வார்கள். அந்த 900 பேரில் நூலகத் துறையை முறையாகப் படித்தவர் ஒருவரும் கிடையாது. இவருக்கும் தெரியாது. நேர்காணலுக்கு முன்னால் பிரிட்டானிகா கலைக்களஞ்சியத்தில் நூலகம் பற்றிய கட்டுரையைப் படித்துவிட்டுப் போனார், அவ்வளவுதான். வேலை கிடைத்துவிட்டது. 1924 ஜனவரியில் பொறுப்பேற்றார்.

பொறுப்பேற்ற சில நாட்களிலேயே தாங்கவில்லை. வகுப்பறை நிறைய மாணவர்களோடு இருந்து பழகியவர் திடீரென்று ஆளரவமற்ற ஓர் அறையில் புத்தகங்களுக்குக் காவலாக உட்கார வைக்கப்பட்டார். வாசிக்க வருவோர் மிகக் குறைவு. நாள் நகரவில்லை. மாநிலக் கல்லூரி முதல்வரிடம் ஓடிப்போய், பழைய வேலையையே திருப்பிக் கொடுங்கள் என்று மன்றாடினார். முதல்வர் அனுபவசாலி. பல்கலைக்கழகம் எப்படியும் பயிற்சிக்காக லண்டனுக்கு அனுப்பப்போகிறது, போய்விட்டு வாருங்கள், திரும்பி வந்தும் பிடிக்காவிட்டால் இடம் தருகிறேன் என்று சமாதானப்படுத்தி அனுப்பினார். ஆக, இந்திய நூலகத் துறையின் தந்தை என்று நாம் சொல்கிறவர் அந்தத் துறையிலிருந்து தப்பிக்கப் பார்த்தவர். எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும்.

1924-ல் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் இருந்த நூலகப் பள்ளியில் சேர்ந்தார். பெர்விக் சேயர்ஸ் என்பவர் அவருக்கு அங்கே ஆசிரியர். லண்டனை ஒட்டிய கிராய்டன் என்ற ஊரின் பொது நூலகத்துக்குத் தலைமை நூலகர். புத்தகப் பாடம் போதாது, போய்ப் பார் என்றார். ரங்கநாதனும் ஊர் ஊராகக் கிளம்பிவிட்டார். பொது நூலகம், கல்லூரி நூலகம், கிளை நூலகம் என்று நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களைப் பார்த்தார். கணிதக்காரர் அல்லவா, கட்டடத்தை வியந்துவிட்டு வரவில்லை. யார் வருகிறார்கள், எப்படித் தேடுகிறார்கள், எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள், நூலகர் எழுந்து வருகிறாரா, உட்கார்ந்தே இருக்கிறாரா என்று கவனித்தார். இன்று சமூகவியலாளர்கள் கள ஆய்வு என்று சொல்வதைத்தான் அவர் தன் போக்கில் செய்துகொண்டிருந்தார்.

அங்கே அவர் கண்ணில் பட்டது ஒரு புது உலகம். தொழிலாளி வேலை முடிந்து வந்து உட்கார்ந்து படிக்கிறான். குழந்தைகளுக்குத் தனி அறை. வீட்டுப் பெண்கள் சர்வ சாதாரணமாகப் புத்தகம் மாற்றிக்கொண்டு போகிறார்கள். ஊருக்கு ஒன்று என்று நில்லாமல் பேட்டைக்குப் பேட்டை கிளை. இவ்வளவுக்கும் பணம் எங்கிருந்து வருகிறது? 1850-லேயே இங்கிலாந்தில் பொது நூலகச் சட்டம் வந்துவிட்டது. வீட்டு வரியோடு பவுனுக்கு அரைப் பென்னி, பிறகு ஒரு பென்னி என்று உள்ளூராட்சிகள் வசூலித்து நடத்தின. 1919-ல் அந்த உச்சவரம்பையும் எடுத்துவிட்டார்கள். நூலகம் என்பது பிரபு வீட்டுத் தர்மமும் அல்ல, படித்தவன் வீட்டு அலங்காரமும் அல்ல, தெருவிளக்கைப் போல ஊரே காசு போட்டு ஊரே அனுபவிக்கிற வசதி. இந்த எண்ணத்தோடுதான் அவர் 1925-ல் கப்பல் ஏறினார். பழைய வேலையை அவர் அதற்குப் பிறகு கேட்கவே இல்லை.

லண்டனில் இன்னொன்றும் நடந்தது. செல்ஃப்ரிட்ஜ் என்ற பெரிய கடையில் மெக்கானோ விளையாட்டுச் சாமானைச் செயல்விளக்கம் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஓட்டை போட்ட இரும்புப் பட்டைகள், சக்கரங்கள், திருகுகள். அதே துண்டுகளை வைத்து ஒரு தடவை பாலம் செய்யலாம், பிரித்து இன்னொரு தடவை பளுதூக்கி செய்யலாம். ரங்கநாதனுக்குப் பொறி தட்டியது. அதுவரை இருந்த நூல் பகுப்பு முறைகள் ஒவ்வொரு பொருளுக்கும் முன்கூட்டியே ஓர் அறை கட்டி எண் ஒட்டி வைத்தவை. நாளைக்கு ஒரு புதுப் பொருள் வந்தால் அறை இருக்காது. அதற்குப் பதிலாகத் துண்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு வேண்டும்போது பூட்டிக்கொண்டால்? நெல், நோய், மருந்து, தஞ்சாவூர், 1930-கள் என்று தனித்தனித் துண்டுகள். சேர்த்தால் ஒரு நூலின் சரியான முகவரி. துண்டுகளைப் பிரிக்க முக்காற்புள்ளி. ஆங்கிலத்தில் அதன் பெயர் கோலன். அதனால்தான் 1933-ல் அச்சான அந்த முறைக்குக் கோலன் பகுப்புமுறை என்று பெயர். இன்று மிகச் சில நூலகங்களே அதை அப்படியே பின்பற்றுகின்றன. ஆனால் இணையக் கடையில் நீங்கள் விலை, நிறம், அளவு என்று தனித்தனியாகத் தட்டிச் சட்டையைத் தேடுகிறீர்களே, அந்தச் சிந்தனைக்கு அவர் ஒரு முன்னோடி.

பகுப்புமுறையை விட எனக்கு முக்கியமாகப் படுவது அவர் சென்னைக்குத் திரும்பியதும் செய்தது. அலமாரிகளைத் திறந்துவிட்டார். வாசகர் உள்ளே போய், புத்தகத்தைக் கையால் தொட்டு, புரட்டி, தானே எடுத்துக்கொள்ளலாம். இன்று இதில் என்ன அதிசயம் என்று தோன்றும். நான் படித்த பள்ளியில் நூலகம் என்றால் ஒரு பூட்டிய கண்ணாடி அலமாரி. சாவி தலைமையாசிரியர் மேசைக்குள் இருக்கும். ஐந்து வருடத்தில் அது திறந்து நான் பார்த்தது ஆய்வாளர் வந்த அன்று மட்டும்தான். ரங்கநாதன் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் நாட்டில் பெரும்பாலான நூலகங்கள் அந்தக் கண்ணாடி அலமாரிகள்தான். நூலகரின் சாமர்த்தியம் என்பது ஒரு புத்தகமும் காணாமல் போகாமல் கணக்குக் காட்டுவது.

அவர் அந்தக் கணக்கையே மாற்றினார். எத்தனை புத்தகம் இருக்கிறது என்று கேட்காதே, எத்தனை வெளியே போய் வந்தது என்று கேள் என்றார். விடுமுறை நாள் என்று ஒன்று வைக்காமல் நூலகத்தைத் திறந்து வைத்தார். வேலைக்குப் போகிறவன் விடுமுறையன்றுதானே வர முடியும்? வாசகர்களுக்கு நடுவில் போய் நின்று, என்ன தேடுகிறீர்கள் என்று விசாரிப்பதையே ஒரு பணியாக ஆட்களைப் பழக்கினார். கடற்கரையில் பல்கலைக்கழக நூலகத்துக்கென்று தனிக் கட்டடம் 1936-ல் வந்தது. அந்தப் பக்கம் காலை நடைக்குப் போகிறவர்கள் அடுத்த முறை ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.

1928-ஆம் ஆண்டைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். அந்த ஜனவரியில் சென்னை நூலகச் சங்கம் பிறந்தது. அதன் பின்னணியில் இருந்து உழைத்தவர் இவர். பல்கலைக்கழகத்துக்குள் மட்டும் நூலகம் செழித்தால் போதாது, தெருவுக்கும் கிராமத்துக்கும் வர வேண்டும் என்பது சங்கத்தின் நோக்கம். அதே ஆண்டில், லண்டனிலிருந்து மனத்தில் குமைந்துகொண்டிருந்த நூறு நடைமுறைகளையும் சில அடிப்படை விதிகளுக்குள் அடக்க முடியுமா என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார். கணிதத்தில் சில அடிக்கோள்களிலிருந்து எல்லாவற்றையும் வரவழைக்கிறோமே, அதுபோல. ஒரு மாலை, பழைய குருநாதர் ராஸ் அவரைப் பார்க்க வந்தார். சீடனின் தவிப்பைக் கேட்டுவிட்டு, புத்தகம் பயன்படத்தானே, உன் முதல் விதி அதுதான் என்கிற பொருளில் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். மற்ற நான்கும் அதிலிருந்து பிறந்தன.

அந்த நவம்பரில் இடி விழுந்தது. மனைவி ருக்மிணி, திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில் குளத்தில் நடந்த விபத்தில் இறந்துபோனார். சிறு வயதிலேயே மணம் முடித்தவர்கள். ஏறத்தாழ இருபது வருட வாழ்க்கை. அடுத்த மாதமே, டிசம்பரில், சிதம்பரத்தில் நடந்த மாகாணக் கல்வி மாநாட்டையொட்டி ஆசிரியர்கள் நிறைந்த கூட்டத்தில் ரங்கநாதன் அந்த ஐந்து விதிகளை முதல் முறையாக எடுத்துரைத்தார். இதை எப்படிப் புரிந்துகொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. துக்கத்தை வேலையில் கரைத்தாரா, வேலை துக்கத்துக்கு இடமே தரவில்லையா? 1929 டிசம்பரில் சாரதாவை மணந்தார். கல்யாணம் முடிந்த அன்று பிற்பகலே நூலகத்துக்கு வந்துவிட்டார் என்று சொல்வார்கள். இருபது வருடம் விடுப்பே எடுக்கவில்லை என்றும் சொல்வார்கள். நாம் இதையெல்லாம் பெருமையாகச் சொல்கிறோம். வீட்டில் இருந்தவர்களிடம் கேட்டிருந்தால் வேறு மாதிரிச் சொல்லியிருக்கலாம்.

ஐந்து விதிகளும் 1931-ல் ஆங்கிலப் புத்தகமாக வந்தன. புத்தகம் பூட்டி வைக்க அல்ல, பயன்படுத்த. எந்த வாசகராக இருந்தாலும் அவருக்கென்று ஒரு புத்தகம் உண்டு. எந்தப் புத்தகத்துக்கும் ஒரு வாசகர் எங்கோ இருக்கிறார். வாசகரின் நேரத்தை வீணாக்காதே. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கிற ஓர் உயிர். கேட்டால் இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் ஒவ்வொன்றையும் பிடித்துக்கொண்டு அவர் போகிற தூரம் மலைக்க வைக்கும். புத்தகம் பயன்பட வேண்டும் என்றால் நூலகம் ஊருக்கு வெளியே இருக்கக் கூடாது. வியாபாரம் தெரிந்த கடைக்காரன் ஜனம் புழங்கும் இடத்தில்தானே கடை போடுவான்? அலமாரி தரையில் நின்றபடி கை எட்டும் உயரத்தைத் தாண்டக் கூடாது. எந்த வாசகராக இருந்தாலும் என்றால் அதில் பெண்கள் உண்டு, விவசாயி உண்டு, ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர் உண்டு, சிறைக் கைதி உண்டு, எழுத்தே தெரியாதவரும் உண்டு. அவருக்கு ஒருவர் படித்துக் காட்ட வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் மிகச் சிறுபான்மையாக இருந்த ஒரு நாட்டில், 1931-ல், இதை ஒருவர் எழுதினார்.

எழுதிவிட்டுச் சும்மா இருக்கவுமில்லை. அதே 1931 அக்டோபரில் மன்னார்குடி மேலவாசலில் ஒரு மாட்டு வண்டி நூலகம் கிளம்பியது. வண்டியை வடிவமைத்து நடத்தியவர் கனகசபைப் பிள்ளை. சென்னை நூலகச் சங்கத்தின் எண்ணத்துக்குக் கிராமத்தில் கிடைத்த உருவம் அது. புத்தகங்களை ஏற்றிக்கொண்டு வண்டி ஊர் ஊராகப் போனது. நூலகத்துக்கு ஆள் வரவில்லையே என்று புலம்புவதை விட, ஆள் இருக்கிற இடத்துக்கு நூலகத்தை ஓட்டிக்கொண்டு போவது மேல்.

இப்போது நம் வரிக்கு வருகிறேன். தனி மனிதர்களின் ஆர்வத்தால் ஓடுகிற வண்டி, அந்த ஆர்வம் தணிந்ததும் நின்றுவிடும் என்பது ரங்கநாதனுக்குத் தெரிந்திருந்தது. 1930-ல் காசியில் நடந்த அனைத்து ஆசியக் கல்வி மாநாட்டில் ஒரு மாதிரி நூலகச் சட்டத்தை வைத்தார். 1933-ல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் பஷீர் அகமது சயீது அதையொட்டி மசோதா கொண்டுவந்தார். அது கரை சேரவில்லை. ரங்கநாதன் விடவில்லை. பதினைந்து வருடம் மனு, பேச்சு, கட்டுரை, சந்திப்பு என்று தட்டிக்கொண்டே இருந்தார். சுதந்திரம் வந்த பிறகு, கல்வி அமைச்சராக இருந்த அவினாசிலிங்கம் செட்டியார் காலத்தில், 1948-ல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். சொத்து வரியோடு ஒரு சிறு மேல்வரி. அது நகராட்சியின் பொதுக் கஜானாவில் கலந்துவிடாமல் நூலக ஆணைக்குழுவுக்குப் போக வேண்டும். நூலகத்துக்குள் நுழைபவரிடம் அன்றாடம் காசு கேட்காமல், வீடு வைத்திருப்பவரிடம் வருடத்துக்கு இரண்டு தடவை சிறிதளவு கேட்பது. கிராய்டனில் பார்த்த பென்னி, நம் ரசீதில் 10 காசாகி உட்கார்ந்திருப்பது இப்படித்தான்.

ஆகவே, பொதுக்குழுவில் கேட்ட நண்பருக்கு: நூலகத்துக்குப் போகாதவர் கட்டுவதால்தான் ஐயா, போகிறவர் கட்டாமல் உள்ளே போக முடிகிறது. நம் வீட்டில் வேலை செய்யும் அம்மாவின் மகள் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறாள் என்றால், அவளுக்கு மின்விசிறியும் மேசையும் நாளிதழும் அங்கே காசில்லாமல் கிடைக்கின்றன. அந்த வரிப்பணம் முறையாக நூலகத்துக்குப் போய்ச் சேருகிறதா, கிளை நூலகம் நாம் வேலையிலிருந்து திரும்பும் நேரத்தில் பூட்டியிருக்கிறதா, புதுப் புத்தகம் வருகிறதா என்றெல்லாம் கேட்பது வேறு விஷயம். அதை நாம் கேட்கத்தான் வேண்டும். வரி கட்டுகிறவர்கள் நாம். ரங்கநாதன் இருந்திருந்தால் முதல் ஆளாக அவரே கேட்டிருப்பார்.

சட்டம் வந்தபோது அவர் சென்னையில் இல்லை. 1945-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தை விட்டு ஓய்வாக உட்காரலாம் என்று நினைத்தவரை, ராதாகிருஷ்ணன் துணைவேந்தராக இருந்த காசி இந்துப் பல்கலைக்கழகம் அழைத்துக்கொண்டது. அங்கே ஏறத்தாழ ஒரு லட்சம் நூல்களைப் பெரும்பாலும் தன் கையாலேயே பகுத்து அடுக்கினார். பிறகு தில்லிப் பல்கலைக்கழகம், சில வருடங்கள் சுவிட்சர்லாந்தின் சூரிக், உஜ்ஜயினி. 1957-ல் பத்மஸ்ரீ. 1962-ல் பெங்களூரில், இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் கீழ் ஆவணவியல் ஆராய்ச்சிப் பயிற்சி மையத்தைத் தொடங்கினார். அப்போது அவருக்கு எழுபது வயது. 1965-ல் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியர். நடுவில் கணித மேதை ராமானுஜன் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார். பழைய காதல் விடவில்லை போலும்.

வெளிநாட்டில் இருந்த காலத்தில்தான், சேமித்து வைத்திருந்த ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். நூலகவியலுக்கு ஒரு பேராசிரியர் பதவி ஏற்படுத்த. 1950-களில் ஒரு லட்சம் என்றால் சென்னையில் என்னென்ன வாங்கியிருக்கலாம் என்று மனை விலை தெரிந்த நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பதவிக்குத் தன் பெயரை வைக்கவில்லை. விடுப்பே எடுக்காத மனிதருடன் குடும்பம் நடத்தி, சிக்கனமாக இருந்து அந்தப் பணம் சேரக் காரணமாக இருந்த சாரதாவின் பெயரை முதலில் வைத்து, சாரதா ரங்கநாதன் பேராசிரியர் பதவி என்று ஆக்கினார். வாயால் சொல்லாத ஏதோ ஒன்றை அவர் இதில் சொன்னதாக எனக்குத் தோன்றுகிறது.

1972 செப்டம்பர் 27 அன்று பெங்களூரில் காலமானார். எண்பது வயது. அவர் பிறந்த நாளாகப் பதிவாகியுள்ள ஆகஸ்ட் 12-ஐ நாடெங்கும் நூலகர் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

கிளை நூலகத்தில் உறுப்பினராக விரும்புகிறவர்கள் முகவரிச் சான்றும் சிறு காப்புத்தொகையும் எடுத்துக்கொண்டு போனால் போதும். முதல் முறை தனியாகப் போகக் கூச்சமாக இருப்பவர்கள் என்னிடம் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை காலை நான் நடந்துதான் போகிறேன். வரி ரசீது தேவையில்லை.